ஒரு காம்பரா, ஒரு ஆள்

ஒரு பெண் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியதை நான் ஒரு நொடியில் அழித்தேன். அது தவறுதலாக நடந்தது. மறுநாள், அழிந்ததற்குக் காரணம் அவளேதான் என்று பதினைந்து பேர் முன்னால் சொன்னேன். அது தவறுதலாக நடக்கவில்லை.

இதை எழுதத் தொடங்குமுன் ஒரு கிழமை யோசித்தேன், முதல் பந்தியிலேயே என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் வைக்கலாமா என்று. தேடிப் பார்த்ததில் நியாயம் அகப்படவில்லை, நல்ல வசனங்கள்தான் அகப்பட்டன. முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு வசனத்துக்கா பஞ்சம்.

ஓய்வு பெற்ற மறு வருடம் தலவாக்கலையில் ஒரு கணினி நிலையம் திறந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன நம்மவர்கள் சிலர் பழைய இயந்திரங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் கல்யாண அண்டாக்கள் அடுக்கிவைக்கும் அறையைக் காலிசெய்து, சுற்றிலும் பத்துத் திரைகளை வைத்தார்கள். நடுவில் ஒரு பெரிய இயந்திரம். யார் எந்தத் திரையில் இருந்து எழுதினாலும் எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். திறப்பு விழாவுக்கு ஒரு கல்வெட்டு பதித்தார்கள். அதில் இருந்த பெயர்களின் எண்ணிக்கை நிலையத்துக்கு வந்து எழுதிய ஆட்களின் எண்ணிக்கையை எட்டுவதற்கு ஒரு வருடம் பிடித்தது. கமிட்டியில் பதினொரு பேர். அவர்களில் யாருக்கும் கணினியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை வாசிக்கப் பொறுமை இல்லாததால் என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். எனக்கும் வீட்டில் மனைவி சொல்கிற வேலைகளைச் செய்வதை விட அது கௌரவமாகப் பட்டது.

விதி இரண்டுதான். ஒருவருக்கு ஒரு பயனர் கணக்கு. ஒரு கணக்குக்குக் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம்.

புதிதாக ஒருவருக்குக் கணக்குத் திறக்கும்போது இயந்திரம் நாலு கேள்வி கேட்கும். முழுப்பெயர், அறை இலக்கம், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி. அந்தக் கேள்விகளை எழுதியவர் எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு அறை, கதவில் இலக்கம், உள்ளே ஒரு ஆள். டவுன்காரர்களிடம் நான் அறை இலக்கம் கேட்டால், "எங்க வீட்டுல ஏழு அறை இருக்கு மாஸ்டர், எத சொல்ல?" என்பார்கள். அதை வெறுமையாக விட்டுவிடுவேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறவர்களிடம் "காம்பரா எத்தன?" என்று கேட்பேன். கேட்டு முடிக்குமுன் பதில் வரும். "மேல் டிவிசன், பன்னெண்டாம் லயம், நாலாம் காம்பரா சார்." அதை 12-4 என்று தட்டிவிடுவேன். வெளிநாட்டு இயந்திரம் கேட்கிற ஒரு கேள்விக்காவது நம் ஆட்கள் யோசிக்காமல் பதில் சொல்கிறார்களே என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

இரண்டு வருடத்தில் பெரிய இயந்திரத்தில் இடம் நிரம்பிவிட்டது. கமிட்டிச் செயலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதாது.

"மாஸ்டர், இந்தத் தோட்டத்து ஆளுங்க வேல காட்டுறாங்க. ஒரு ஆளே ரெண்டு மூணு கணக்கத் தொறந்து வச்சிக்கிட்டு நாலு மணித்தியாலம், ஆறு மணித்தியாலம்னு உக்காந்துர்றாங்க. இடம் நெறையாம என்ன செய்யும்?"

நான் அவரிடம் ஆதாரம் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்து நாற்பது வருடமானவனுக்குத் தோட்டத்து ஆட்களைப் பற்றி இப்படியான விஷயங்கள் சுலபமாக நம்பும்படி இருக்கும்.

அந்தக் காலத்தில் நான் புதிதாகப் பைதன் என்ற கணினி மொழி படித்திருந்தேன். அறுபத்துமூன்று வயதில் ஒரு மொழி படித்தவனுக்கு அதைக் காட்ட ஒரு இடம் வேண்டும். இயந்திரம் தன் பயனர் பதிவேட்டை ஒரு கோப்பில் வைத்திருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆள். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளிகளால் பிரித்த ஏழு துண்டு. முதலில் உள்நுழையும் பெயர். பிறகு கடவுச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எக்ஸ், ஏனென்றால் அசல் வேறிடத்தில் பூட்டப்பட்டிருக்கும். பிறகு ஆளின் இலக்கம், குழுவின் இலக்கம். ஐந்தாவது துண்டில் நான் கேட்ட அந்த நாலு கேள்விக்கான பதில்கள், காற்புள்ளி போட்டு. ஆறாவது, அவர் கோப்புகள் இருக்கும் வீடு. ஏழாவது, அவர் உள்ளே வந்ததும் எதைத் திறந்து கொடுப்பது என்பது.

பைதனில் இந்த முழுப் பதிவேட்டையும் ஒரே வரியில் வாசித்துவிடலாம். முதல் தடவை வாசித்துத் திரையில் விட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் முப்பது நாற்பது வரியில் மனிதரே இல்லை. அச்சு இயந்திரத்துக்கு ஒரு கணக்கு, தபாலுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. 'யாருமில்லை' என்ற பெயரிலேயே ஒருவர் இருந்தார், அவருக்குத்தான் எல்லாரையும் விடப் பெரிய இலக்கம். கமிட்டி ஞாபகம் வந்தது. மனிதர்கள் ஆயிரத்திலிருந்து தொடங்குவார்கள். ஆயிரமாவது ஆள் நான்.

ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை நம்ப முடியாது. எங்கள் பக்கம் ஒரே லயத்தில் ஒரே சாமியின் பெயரோடு ஐந்து பேர் இருப்பார்கள். இலக்கம்தான் உறுதியானது என்று கணித வாத்தியாரின் மூளை சொன்னது. ஐந்தாவது துண்டை எடு, அதில் அறை இலக்கத்தைப் பிரி, வெறுமையாக இருந்தால் விட்டுவிடு, ஏற்கெனவே கண்ட இலக்கம் மறுபடி வந்தால் பிந்தித் திறந்த கணக்கை அழி, அவர் வீட்டையும் சேர்த்து அழி. மொத்தம் பதினான்கு வரி நிரல். மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'விதி: ஒரு அறை, ஒரு ஆள்.' கீழே என் பெயரும் பட்டமும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அப்பா, அம்மா, பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், நடுவில் ஒரு பழைய சேலை, சேலைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம் நாலு பேர். பதினொரு பேர் ஒரு இலக்கத்தில் வளர்ந்தோம். சித்தப்பாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டுதான் நான் பெருக்கல் வாய்பாடு படித்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு வழியே இல்லை. என் தலைக்குள் எங்கேயோ அது இருந்தது. அன்றைக்கு அதை நான் வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த நிரலை ஓட்டினேன். இருபத்தாறு கணக்குகள் போயின. இடம் தாராளமாகக் கிடைத்தது. செயலாளருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "மாஸ்டர்னா மாஸ்டர்தான்" என்றார். அவருடைய இரண்டு மகன்களும் சேர்ந்து ஐந்து கணக்கு வைத்திருந்தார்கள் என்பதைப் பிற்பாடுதான் பார்த்தேன். அவர்கள் டவுன்காரர்கள். அறை இலக்கம் வெறுமை. ஐந்தும் சுகமாக இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். மேல் டிவிசனில் பிள்ளைக்காம்பராவில் வேலை, அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில். பதினான்கு குழந்தைகள் அவள் பொறுப்பு. சிறுவர் பராமரிப்புக்கான சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். அதற்காக ஒவ்வொரு குழந்தையையும் எட்டு மாதம் கவனித்து, என்ன சாப்பிட்டது, என்ன பேசியது, யாரைக் கடித்தது என்று நாள்வாரியாக எழுதித் தட்டச்சில் கொடுக்கவேண்டும். கொடுத்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் தோட்டத்தில் அப்போது காலியாக இருந்த சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. வேலை கிடைத்தால் குவாட்டர்ஸ். குவாட்டர்ஸ் என்றால் தனி வீடு, இரண்டு அறை, நடுவில் சேலை கட்டத் தேவையில்லாத சுவர். மாமியார், மாமனார், நாத்தனார், கணவன், இரண்டு பிள்ளைகள், இவள் என்று ஏழு பேர் இருக்கிற காம்பராவிலிருந்து அவள் வெளியேற இருந்த ஒரே கதவு அந்தக் கோப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். போன கிழமைதான், "முடியப்போகுது சார், இன்னும் ஒம்போது நாள்ல குடுக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

"சார், என்னைய உள்ள விடமாட்டேங்குது."

"கடவுச்சொல்ல ஒழுங்கா அடிச்சியா?"

"மூணு தடவ அடிச்சேன் சார். அப்பிடி ஒரு ஆளே இல்லேங்குது."

என் இருக்கையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தேன். 12-4. அந்த இலக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. அது அவள் நாத்தனாருடையது, அவளுடையதற்கு ஆறு மாதம் முந்தித் திறந்தது. அதனுள் இருந்தவை ரவிக்கைக் கைகளின் படங்கள். கை வைத்தது, கை வைக்காதது, முதுகில் கயிறு கட்டியது. அவை எல்லாம் பத்திரமாக இருந்தன.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. காது சூடானது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்துத் திரைகளிலிருந்தும் தலைகள் திரும்பியிருந்தன, ஐந்தாறு பேர் முறைக்காகக் காத்து வாசலில் நின்றார்கள். 'நான் அழித்துவிட்டேன்' என்று இரண்டு சொல் போதும். நான் சொன்னது இது:

"இங்க பாரும்மா, நீயும் உன் நாத்தனாரும் ஒரே கணக்க மாத்தி மாத்திப் பாவிச்சிருக்கீங்க. கடவுச்சொல்ல ஆளுக்காள் குடுத்தா கணினியே கண்டுபிடிச்சித் தானா அழிச்சிரும். விதி சுவத்துல எழுதிப் போட்டிருக்கு."

"நான் அப்பிடிப் பண்ணலயே சார். ஒருக்கா கை வெட்டுப்பட்டப்ப அவள வச்சித் தட்டச்சுப் பண்ணேன். ஒரு நாள்தான்."

"அதான். அது போதும் அதுக்கு."

அது என்று சொன்னேனே, இயந்திரத்தை. மேசையில் ஒரு பாவமும் அறியாமல் இரைந்துகொண்டிருந்தது.

வாசலில் நின்ற ஒருத்தன், "ரெண்டு ஆளா வந்து நாலு மணித்தியாலம் புடிக்கப் பாத்திருக்கு, மாட்டிக்கிச்சி" என்றான். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை அப்போது ஒரு நல்லகுணமாக நினைத்துக்கொண்டேன்.

"திருப்பி எடுக்க ஏலாதா சார்?"

பிரதி ஒன்று இருக்கவேண்டும். கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரதி எடுத்துவைப்பதற்கென்று ஒரு வெளித்தட்டு, அதாவது தனி ஹார்ட் டிஸ்க், இருந்தது. அதை நான் இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். என் பேத்தியின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோவைப் போட்டுவைக்க வேறு தட்டு இல்லை. மூன்று மணி நேர வீடியோ, அதில் இரண்டு மணி நேரம் சாப்பாட்டுப் பந்தி. ஊர் முழுக்க அப்பளம் கடிக்கிறது. அதற்கு இடம் போதாமல் பழைய பிரதிகளை அழித்தவனும் நானே.

"ஏலாது" என்றேன்.

அவள் அழவில்லை. முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு வழிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஞாபகத்திலிருந்து கையால் எழுதிக் கொடுத்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். நாள்வாரிக் குறிப்பு இல்லை என்று திருப்பிவிட்டார்களாம். உத்தியோகம் வேறொரு டிவிசனில் சான்றிதழ் வைத்திருந்த பெண்ணுக்குப் போனது. குவாட்டர்சும் அவளோடு போனது. மற்ற இருபத்தைந்து பேரில் பாதிப் பேர் வந்து கேட்டார்கள். அதே பொய்யைச் சொன்னேன். மீதிப் பேர் வரவே இல்லை. வராமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று நான் யோசித்ததும் இல்லை.

அந்த வருடக் கடைசியில் டவுனில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் பலசரக்குக் கடை முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் 'நானா', வெங்காயம் நிறுத்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

"மாஸ்டர், மேல் டிவிசன்ல ஒரு காம்பராவுக்கு மாசம் ரெண்டு பைக்கட் உப்புப் போகுது. அண்ணிக்காரி ஒண்டு வாங்குவா, நாத்தனார்க்காரி ஒண்டு வாங்குவா. ஒரே காம்பரா, ரெண்டு அடுப்பு, ரெண்டு உப்பு. பேச்சு வார்த்த இல்ல. ஒருத்திக்கு மத்தவகிட்ட ஏதும் சொல்லணும்டா பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்புறாளாம். மூணடி தூரத்துக்குத் தபால்!"

"என்ன சண்டையாம்?"

"நீங்க நடத்துற எடத்துல ஏதோ ஒண்டாம். நாத்தனார் உள்ள போயி அவட எழுத்தெல்லாத்தயும் அழிச்சிட்டாளாம். கடவுச்சொல் அவளுக்கு மட்டுந்தான் தெரியுமாம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். மிச்சத்தை வாங்க மறந்துவிட்டேன், நானா தெருவரைக்கும் ஓடி வந்து கொடுத்தார்.

மூன்று வருடம் அப்படியே இருந்தேன். இருந்தேன் என்றால் நன்றாகவே இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், கோயில் திருவிழாவில் கணினியின் மகிமை பற்றி மைக்கில் பேசினேன். வருத்தம் தினமும் வந்து கதவைத் தட்டியது என்று எழுதினால் அது இன்னொரு நல்ல வசனம். அப்படி ஒன்றும் தட்டவில்லை.

போன வருடம் நிலையத்துக்குப் புது இயந்திரம் வந்தது. பழையதிலிருந்து பயனர் எல்லாரையும் மாற்றவேண்டும். அதற்கும் பதிவேட்டை வாசிக்கவேண்டும். புதிதாக எழுதச் சோம்பல்பட்டு என் பழைய நிரலைத் தேடித் திறந்தேன். முதல் வரியிலேயே நின்றேன். 'விதி: ஒரு அறை, ஒரு ஆள்.' கீழே என் பெயர், பட்டம். கல்வெட்டுப் போல இருந்தது.

அன்றைக்கு மாற்றுகிற வேலையைச் செய்யவில்லை. மறுநாள் மாற்றி முடித்ததும் பழைய இயந்திரத்தின் தட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அழித்த கோப்பு உடனே செத்துவிடாது. அதன் விலாசம்தான் போகும், எழுத்து அங்கேயே கிடக்கும், மேலே வேறு எதையாவது எழுதும்வரை. மூன்று வருடமாக மேலே எழுதிக்கொண்டே இருந்தோம். இருந்தாலும் ஒரு நிரல் எழுதி, தட்டின் அடியிலிருந்து துண்டு துண்டாக வாசிக்கவிட்டேன். காலையில் பேப்பர் வாசிப்பதை விட்டுவிட்டு ஒன்றரை மாதம் அதையே வாசித்தேன். அகப்பட்டதில் பெரும்பாலானவை வேலை விண்ணப்பங்கள், செயலாளர் மகன்களின் காதல் கடிதங்கள், ரவிக்கைக் கைகள். அவற்றுக்கு இடையில் அவள் எழுதியதில் பதினொரு துண்டு கிடைத்தது. சில அரைப் பக்கம், சில இரண்டே வரி. குழந்தைகளைப் பெயர் சொல்லாமல் இலக்கம் போட்டு எழுதியிருந்தாள்.

அவற்றை அச்செடுத்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேல் டிவிசனுக்குச் சந்தியிலிருந்து நடக்கவேண்டும். பிள்ளைக்காம்பராவில் அவள் ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். பேரப்புள்ளய சேக்க வந்தீங்களா?"

உறையைக் கொடுத்தேன். முதல் தாளை எடுத்து வாய்விட்டு வாசித்தாள். "'ஏழாம் பிள்ளை இன்று தன் செருப்பை மற்றப் பிள்ளைக்குக் கொடுத்தது. பிறகு திருப்பிக் கேட்டு ஒரு மணித்தியாலம் அழுதது.'" சிரித்துவிட்டாள். "இவன் இப்ப ரெண்டாம் வகுப்பு சார். இன்னும் அப்பிடித்தான். போன கிழமை கூடச் செருப்பில்லாம வந்தான்." பிறகு சிரிப்பு நின்றது. "இது எங்க இருந்து வந்திச்சி?"

எல்லாவற்றையும் சொன்னேன். நிரல், அறை இலக்கம், இரண்டு கணக்கு, வீடியோ, அப்பளம் வரைக்கும் சொன்னேன். ஒரு குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப என் நாத்தனா?"

"அவ ஒண்ணும் செய்யல."

"மூணு வருசமா அவகிட்ட உப்புக் கேக்காம இருந்தேன் சார்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"இங்க, நாலு செவத்துக்குள்ள, மூக்கொழுகுற பதினாறு புள்ளைங்க முன்னாலயா? என்னையச் சொன்னப்ப எல்லாரும் கேக்கத்தானே சொன்னீங்க. நாளைக்குக் காலைல பெரட்டுக்கு வாங்க சார். அங்க சொல்லுங்க. நாத்தனாவும் அங்கதான் நிப்பா."

பெரட்டு என்பது காலையில் எல்லாத் தொழிலாளரும் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரிக்கிற இடம். மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பனி. கூடையும் கம்பளியுமாக நூறு பேர் இருப்பார்கள். கங்காணியிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். "எலக்சனா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று விலகி நின்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். பாடம் நடத்துகிற குரல் தானாக வந்துவிட்டது. பதிவேடு, ஏழு துண்டு, ஐந்தாவது துண்டு என்று போய்க்கொண்டிருந்தேன்.

"சார், மலைக்கிப் போகணும். சுருக்கமாச் சொல்லுங்க" என்றாள் ஒரு கிழவி.

சுருக்கமாகச் சொன்னேன். "ஒரே காம்பராவுல ரெண்டு பேர் இருந்தா அது ஒரே ஆளுன்னு நெனச்சி, ஒருத்தர அழிச்சிட்டேன். அழிச்சது நான். அந்தப் பொண்ணு இல்ல, அவ நாத்தனாரும் இல்ல. பொய் சொன்னேன்."

பிறகு பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஏன் சார், காம்பராவுல எத்தன பேர் இருக்கோம்னு கம்பியூட்டருக்குத் தெரியாதா?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் லயத்துல பொறந்தவன்தான்."

"அப்ப கம்பியூட்டரு எவ்வளவோ தேவலாம்" என்றாள் அந்தக் கிழவி. எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் அன்றைக்குச் சிரித்தவனும் அந்தக் கூட்டத்தில் நின்றான், அவனும் சிரித்தான். அந்த நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"எங்கம்மா என்னையத்தான் திட்டிச்சி சார். குடும்பத்தக் கெடுத்தவளுன்னு. மூணு வருசம். பெரிய படிப்புப் படிச்சவரு, நல்லாருங்க." சொல்லிவிட்டு மலைக்குப் போனாள். 'நல்லாருங்க' என்ற சொல்லை அவள் சொன்ன மாதிரி நான் முன்பு கேட்டதில்லை.

சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்துக்கு என் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினேன். புதிய அணியில் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவள் விண்ணப்பித்தாள். நான் தட்டச்சுச் செய்து தருகிறேன் என்றேன். "வேணாம் சார், நீங்க தொடாம இருந்தாப் போதும்" என்றாள். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் வருகிறாள். எழுதியதை எழுந்து போகுமுன் தன் சொந்தப் பென்டிரைவில் பிரதி எடுத்து, அதைத் தாலிக்கயிற்றோடு கோர்த்துக்கொண்டு போகிறாள். உத்தியோகம் இன்னும் அந்த மற்றப் பெண்ணிடம்தான் இருக்கிறது. அவள் ஓய்வு பெற இருபது வருடம் உண்டு. வேறு தோட்டத்தில் ஒரு இடம் வரலாம் என்கிறார்கள். வரும்வரை 12-4 தான். நானா கடையில் இப்போது உப்பு ஒரு பைக்கட்தான் போகிறதாம். ஆனால் சண்டை முன்பை விட அதிகம் என்றார், மூன்று வருடத்துப் பாக்கிப் பேச்செல்லாம் இப்போதுதான் பேசுகிறார்களாம். அவர்கள் இருவரும் பேசுவது டவுன்வரை கேட்கும் என்று கையை விரித்துக் காட்டினார்.

புது இயந்திரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இனி இப்படி நடக்கவே கூடாது என்று, பதிவேட்டை வாசித்து எல்லாருடைய ஐந்தாவது துண்டிலிருந்தும் அறை இலக்கத்தை எடுத்துவிட ஒரு நிரல் எழுதினேன். பரிகாரம் என்று நினைத்தேன். அவள் வந்தபோது பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இப்ப ஒருத்தருக்கும் காம்பரா இலக்கம் இல்ல. எல்லாரும் சமம்."

அவள் தன் வரியைக் குனிந்து பார்த்தாள். பெயர் இருந்தது, அதற்குப் பின் வெறும் காற்புள்ளிகள்.

"மறுபடியும் அழிச்சிட்டீங்களா சார்?"

"இலக்கத்த மட்டுந்தான்."

"அதுதானே சார் எங்க வெலாசம். கடுதாசி அதுக்குத்தான் வரும். என் ரெண்டு புள்ளையும் அங்கதான் பொறந்திச்சி. நீங்க தப்பாப் படிச்சதுக்கு எங்க காம்பரா என்ன பண்ணும்?"

திரையைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். என்னை நம்பி விட்டுவிட்டுப் போகத் தயாராயில்லை. 12-4 என்று தட்டினேன். அவள் நாத்தனாரின் வரியிலும் தட்டச் சொன்னாள், தட்டினேன். பிறகு பழைய பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதையும், நிரல் எதுவும் இல்லாமல், ஒவ்வொன்றாகக் கையால். அதற்குள் அவளுடைய இரண்டு மணித்தியாலத்தில் முக்கால் மணித்தியாலம் போய்விட்டது.

"அத என் நேரத்துல கழிக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் போய் எழுத உட்கார்ந்தாள். நான் கழிக்கவில்லை.